லுமுட் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை: மகனை அனுப்பலாமா?

செல்வி_பிறை
செவ்வாய், இரவு 9.42

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு ஒரு கேள்வி, அதனால் வந்தேன்.

என் மகனுக்கு 20 வயது. வெல்டிங் படித்து எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை முடித்துவிட்டான். இப்போது பிறையில் இரும்புக் கேட், படிக்கட்டுக் கம்பி செய்யும் கடையில் இருக்கிறான். போன வாரம் லுமுட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. கடற்படைத் தளத்தில் இருக்கிற கப்பல் பட்டறையில் வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் ஒருவர். சம்பளம் 2,200 வெள்ளி, ஓவர்டைம் தனி, சித்தியவானில் அறை கொடுக்கிறார்களாம். பையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் அப்பாவோ, "ஒன்பது பில்லியன் போட்டும் கப்பல் வராத இடம்தானே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

எனக்குக் கப்பல் என்றால் ஃபெர்ரிதான் தெரியும். போர்க்கப்பல் பட்டறை எப்படிப்பட்ட இடம்? ஆபத்து அதிகமா? சம்பளம் மாதாமாதம் வருமா? அங்கே கற்ற வேலை வேறு இடத்தில் செல்லுமா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கேஎல்_கணக்கன்
செவ்வாய், இரவு 10.15

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. நான் கணக்குப் பார்ப்பவன். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்தபோது உட்கார்ந்து படித்தேன்.

ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள், ஒன்பது பில்லியன் வெள்ளி, 2014இல் ஒப்பந்தம். முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட்டில் அறிக்கை வெளியானபோது 6.08 பில்லியன் கொடுத்தாகிவிட்டது. அட்டவணைப்படி அதற்குள் ஐந்து கப்பல்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், வந்தது ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் 400 மில்லியன் முந்தைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் பழைய கடனை அடைக்கப் போயிருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பணத்தில் மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்த்த மாதிரி. கிடங்கில் கிடந்த 1.7 பில்லியன் வெள்ளி பெறுமானச் சாமான்களில் 15 விழுக்காடு கப்பலில் ஏறும் முன்பே காலாவதி.

2023இல் ஆறு கப்பல் ஐந்தானது, விலை 11.2 பில்லியன் ஆனது. எண்ணிக்கை குறைந்து விலை ஏறிய கணக்கு இது. பையனுக்கு பினாங்கு பாயான் லெப்பாஸில் ஏதாவது தொழிற்சாலை பாருங்கள். ஏசியாவது இருக்கும்.

முனியன்_லா
செவ்வாய், இரவு 10.31

அந்த லுமுட் பட்டறைக் கம்பெனிக்கு இப்போது லூனாஸ் என்று பெயர். கெடா லூனாஸுக்கு எப்போது கடல் வந்தது என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்.

ஆழி_கிளாங்
செவ்வாய், இரவு 11.04

முனியன், லுமுட் நேவல் ஷிப்யார்டு என்பதன் சுருக்கம் அது. மலாயில் லூனாஸ் என்றால் கப்பலின் அடி முதுகு, மொத்தக் கப்பலும் அதன்மேல்தான் நிற்கிறது. கடனை அடைத்துத் தீர்ப்பதற்கும் அதே சொல். பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ.

செல்வி அக்கா, நான் கிளாங் துறைமுகத்தில் கப்பல் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். சரக்குக் கப்பல்கள்தான், போர்க்கப்பல் இல்லை. ஆனால் பட்டறைகள் எனக்கு இரண்டாம் வீடு. கணக்கர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அதில் வெல்டர் எங்கே தப்புச் செய்தார் என்று கேளுங்கள். எங்கேயும் இல்லை. கடற்படை கேட்டது ஒரு வடிவம், மேலே முடிவானது பிரெஞ்சுக்காரர்களின் கோவின்ட் என்ற வேறு வடிவம். விரிவான வரைபடங்கள் முடியாமலே இரும்பை வெட்ட ஆரம்பித்தார்கள். நோய் அங்கே பிடித்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கப்பலை இப்போது யாரும் கீழிருந்து மேலே வீடு மாதிரி கட்டுவதில்லை. பெரிய பெரிய துண்டுகளாகக் கட்டுவார்கள், பிளாக் என்போம். ஒவ்வொரு பிளாக்கையும் தலைகீழாகப் போட்டு, குழாய், கேபிள் ஓடும் தட்டு எல்லாவற்றையும் உள்ளே பொருத்திவிட்டுத்தான் திருப்பி, அடுத்ததோடு சேர்ப்பார்கள். பட்டறைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு: பட்டறைத் தரையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, பிளாக்குக்குள் மூன்று மணி நேரம், கப்பல் மிதக்க ஆரம்பித்த பிறகு எட்டு மணி நேரம். வரைபடம் தாமதமானால் முடித்த தகட்டை வெட்டித் திறந்து குழாயைச் செருக வேண்டும். ஒன்று எட்டாகிற இடம் அதுதான். பணம் அங்கேதான் கரையும்.

அந்த முதல் கப்பலை 2017 ஆகஸ்ட்டில் விழா எடுத்து இறக்கியதாகப் படம் எல்லாம் போட்டார்கள். உண்மையில் தண்ணீரில் இறங்கியது 2024 மே 23. நடுவில் ஏழு வருடம் அது கரையில் நின்றது. 111 மீட்டர் கப்பல்.

கேஎல்_கணக்கன்
புதன், காலை 8.20

ஆழி, நான் வெல்டரைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவன் அந்த மரத்தில்தான் ஏறப்போகிறான், மரம் ஆடுகிறதே என்கிறேன். வெளியே வாங்கினால் என்ன? நம் கடற்படையின் கெரிஸ் வகைக் கப்பல் நான்கையும் பாருங்கள். முதலில் இரண்டு சீனாவில், இரண்டு இங்கே என்று பேச்சு. 2019இல் நான்கையும் அங்கேயே கட்டச் சொல்லி மாற்றினார்கள். விலை 1.17 பில்லியனிலிருந்து 1.05 பில்லியனாக இறங்கியது. நான்கும் வந்துவிட்டன, ஓடுகின்றன. கடையில் கிடைக்கிற சட்டைக்கு வீட்டில் தறி போட வேண்டுமா?

ஆழி_கிளாங்
புதன், காலை 8.52

சட்டை கிழிந்தால் தைக்க ஆள் வேண்டுமே சார். நம் போர்க்கப்பல்களில் கஸ்தூரி, லெக்கிர் இரண்டும் ஜெர்மனியில் கட்டி 1984இல் படையில் சேர்ந்தவை. ஜெபாட், லெக்கியு ஸ்காட்லாந்தில் கட்டியவை, 1999. இவற்றைப் பழுதுபார்க்க டாக் ஏற்ற, அதாவது தண்ணீரை வடித்து நிறுத்த, ஒவ்வொரு முறையும் கீல் நகருக்கும் கிளாஸ்கோவுக்கும் அனுப்ப முடியுமா? கட்டுகிற விலை முதல் தவணை மாதிரி. முப்பது, நாற்பது வருடம் ஓட்டிப் பராமரிக்கிற செலவு அதைத் தாண்டும்.

முனியன்_லா
புதன், காலை 9.10

ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தானே, அவன் எந்தக் குத்தகைக்காரனுக்குக் கொடுத்தான்?

மட்டுறுத்துநர்
புதன், காலை 9.14

சோழர் கடற்படைக்குத் தனி இழை இருக்கிறது. 46 பக்கம் ஓடி, பூட்டியும் வைத்திருக்கிறோம். இங்கே அக்காவின் கேள்வியோடு நில்லுங்கள்.

முனியன்_லா
புதன், காலை 9.16

ஜெர்மன்காரன் வடிவத்தில் வந்த முதல் ரோந்துக் கப்பலுக்குக் கெடா என்றுதான் பெயர். கடாரம்தானே அது. நான் இழைக்கு உள்ளேதான் இருக்கிறேன்.

பழைய_ஃபிட்டர்
புதன், மதியம் 2.30

அம்மா செல்வி, எனக்கு 71 வயது. தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பேரன் பக்கத்தில் இருக்கிறான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலியாக இருந்தவர். அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒரு டாக், 1938இல் திறந்தது, ஆயிரம் அடி நீளம். கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் வற்ற வற்ற டாக்கின் அடியில் மீன் துள்ளுமாம். தமிழாள், மலையாளத்தாள் எல்லாரும் வாளியோடு இறங்குவார்களாம். போர்க்கப்பல் பராமரிப்பில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் கூலி அந்த மீன்குழம்புதான்.

நான் பினாங்குப் பக்கத்துப் பட்டறைகளில் 34 வருடம் ஃபிட்டர். ஃபெர்ரி, டக்போட், ரோந்துப் படகு எல்லாம் பார்த்தவன். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கப்பல் டாக் ஏறி நிற்கும்போது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்கு மேலே தெரிகிற கப்பல் வேறு, அடியில் இருப்பது வேறு. கீழே முழுக்கச் சிப்பி. கத்தியால் சுரண்டினால் ஈர நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. அதை அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவி, பழைய பெயின்டைக் குருணை அடித்து எடுப்பார்கள். அடியில் வெள்ளி இரும்பு தெரிந்ததும் ஈரக்காற்றில் துரு ஏற ஆரம்பித்துவிடும். காலையில் அடித்த இடத்துக்குச் சாயங்காலத்துக்குள் முதல் பூச்சு ஏறவில்லை என்றால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். நம் ஊர் மழையில் இதைத் திட்டமிடுவது பெரிய தலைவலி.

பின்பக்கம் புரொப்பெல்லரைச் சுற்றிச் சிங்க் கட்டிகள் பற்றவைத்திருப்பார்கள், செங்கல் அளவில். புரொப்பெல்லர் வெண்கலம், கப்பல் இரும்பு, நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரி மாதிரி ஆகி இரும்பைத் தின்னும். சிங்க் அந்த இடத்தில் தன்னைக் கொடுத்துக் கப்பலைக் காக்கும். ஒருமுறை புதுப்பையன் ஒருவன், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அத்தனை கட்டிக்கும் சேர்த்து அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டான். பெயின்ட் மூடிய சிங்க் வேலை செய்யாது. அடுத்த டாக்கில் பார்த்தால் கட்டி புதுசு போல் இருக்கிறது, கப்பல் தகடு அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழி. மேற்பார்வைக்காரரும் பார்த்துவிட்டுச் சும்மா போனவர்தான். ஆனால் திட்டு பையனுக்குத்தான் விழுந்தது.

போர்க்கப்பல் தகடு சரக்குக் கப்பலைவிட மெல்லிசு. எடை குறைந்தால்தான் வேகம். மெல்லிய தகட்டில் ஒரே பக்கம் நீளமாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். முடிந்ததும் கப்பல் பட்டினி கிடந்த மாடு மாதிரி விலா தெரிய நிற்கும். இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கேட் செய்கிற கடையில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உங்கள் மகன் இதைக் கற்றுக்கொண்டால் அவன் கைக்கு உலகத்தில் எங்கேயும் விலை உண்டு.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். அது நீளம், இராத்திரி எழுதுகிறேன்.

எம்டன்77
புதன், மாலை 5.48

ஐயா எழுதுவதற்குள் நம் ஊர்க் கதை ஒன்று. என் பெயருக்குக் காரணமும் அதுதான்.

வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ரஷ்ய மாலுமிகளுக்கு ஒரு நினைவுக்கல் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1914 அக்டோபரில் ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் பினாங்குக்கு வந்தது. சண்டைக்கு இல்லை, கொதிகலனைத் திறந்து கழுவிப் பழுதுபார்க்க. குண்டுகளை உள்ளே பூட்டி வைத்துவிட்டார்கள், கப்பல் தலைவர் இரவு கரையில். 28ஆம் தேதி விடியலில் ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கி. ஆங்கிலேயக் கப்பலாகத் தெரியட்டும் என்று நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டியிருந்தது. கிட்டே வந்து டார்பிடோ விட்டது, ஜெம்சுக் நின்ற இடத்திலேயே உடைந்து மூழ்கியது. எண்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

இதே எம்டன்தான் அதற்கு ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 22, சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் சொன்னது அங்கிருந்து வந்த பேச்சு.

இந்த இழைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் எம்டன் என்ன செய்தது தெரியுமா? அக்டோபர் 9ஆம் தேதி வாக்கில் டீகோ கார்சியா தீவுக்குப் போனது. அங்கே இருந்தவர்களுக்கு உலகப்போர் தொடங்கிய செய்தியே எட்டவில்லை. டாக் கிடையாது, பட்டறை கிடையாது. கப்பலின் ஒரு பக்கத்து அறைகளில் தண்ணீரை நிரப்பிச் சாய்த்து, மேலே எழுந்த அடிப்பக்கத்தில் சிப்பியைச் சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள். பிறகு மறுபக்கம். தீவுக்காரரின் மோட்டார் படகு பழுதாக இருந்ததாம், அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மூன்று வாரம் கழித்து, அடி சுத்தமான கப்பல் வந்து, கொதிகலன் திறந்து கிடந்த கப்பலை அடித்தது.

கேஎல்_கணக்கன்
புதன், மாலை 6.30

இது எனக்குப் புதிது. வெஸ்டர்ன் ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், தைப்பூசத்துக்கு.

எம்டன்77
புதன், மாலை 6.41

எல்லாரும் அப்படித்தான் அண்ணே, தண்ணீர்மலைக்குப் போகிற அவசரம். ஜெரஜாக் தீவிலும் ரஷ்ய நினைவுக்கல் உண்டு. பினாங்கையே கடற்படைக் கப்பல் கட்டும் ஊராக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்தது. 1805இல் இதை வங்காளம், சென்னை, பம்பாய் வரிசையில் நான்காவது ராஜதானியாக உயர்த்தியதில் அந்தக் கனவுக்கும் பங்கு உண்டு. தோதான மரம் கிடைக்கவில்லை, திட்டம் படுத்துவிட்டது. பம்பாயிலோ தேக்கில் கட்டினார்கள். அங்கே 1817இல் இறக்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பழைய_ஃபிட்டர்
புதன், இரவு 9.05

எம்டன் தம்பி சொன்னதைத்தான் நான் வேறு வழியில் சொல்ல வந்தேன். கப்பலுக்குப் பெரிய கண்டம் கடலில் என்று நினைப்போம். நான் பார்த்தவரை, அது கட்டிக் கிடக்கும்போதுதான்.

எண்ணிப் பாருங்கள். 2009 அக்டோபரில் நம் கடற்படைக் கப்பல் ஸ்ரீ இந்திராபுரா லுமுட்டில் நின்றபடியே எரிந்தது, அதோடு அதன் கதை முடிந்தது. 2016 டிசம்பரில் மும்பையில் பெட்வா என்ற போர்க்கப்பல் டாக்கிலிருந்து வெளியே எடுக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, இரண்டு மாலுமிகள் போனார்கள். 2024 ஜூலையில் அதே மும்பையில் பிரம்மபுத்ரா பழுதுபார்ப்பில் இருந்தபோது தீப்பிடித்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அமெரிக்காவில் 2020 ஜூலையில் பொன்னோம் ரிச்சர்ட், சான் டியேகோவில் பராமரிப்பில் நின்ற கப்பல். நாலு நாளுக்கு மேல் எரிந்தது. நுரை அடிக்க ஒரு பொத்தான் இருந்தது. கடைசிவரை அதை ஒருவரும் அழுத்தவில்லை.

ஏன் இப்படி? கப்பல் கடலில் இருந்தால் அதன் ஆட்கள் முழுப்பேரும் உள்ளே இருப்பார்கள், தீயணைப்புக் குழாயில் தண்ணீர் இருக்கும், கதவுகள் மூடும். டாக்கில் பாதி ஆட்கள் விடுமுறையில். தீக்குழாயைப் பழுதுக்குக் கழற்றியிருப்பார்கள். நாலு குத்தகைக்காரன் நாலு பக்கம் கேபிள் இழுத்துக் கதவு வழியாக விட்டிருப்பான், அந்தக் கதவை அவசரத்தில் மூட முடியாது. நடுவில் ஒருவன் வெல்டிங் பொறி பறக்க வைப்பான்.

எங்கள் பட்டறையில் ஒரு நாள். ஒருவன் இந்தப் பக்கச் சுவரில் கொக்கி பற்றவைக்கிறான். தன் பக்கம் எல்லாம் சுத்தமாகத்தான் வைத்திருந்தான். சுவர் இரும்பு, ஆறு மில்லிமீட்டர். மறுபக்கம் மாலுமி படுக்கிற அறை, மெத்தை சுவரை ஒட்டி இருக்கிறது. இவனுக்குத் தெரியாது. வேலையை முடித்துத் தேத்தண்ணீருக்குப் போய்விட்டான். இருபது நிமிடம் கழித்துப் புகை. யாரும் சாகவில்லை, ஆனால் அந்தத் தளம் முழுக்கக் கருகிப்போனது. நெருப்புக்குக் காவல் நிற்க வேண்டிய ஆளை அன்றைக்கு வேறு வேலைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கை வரவில்லை. மூடிக்கிடந்த தொட்டி. உள்ளே எண்ணெய் இல்லை, வாயு இல்லை, வெறும் துருதான். துருப்பிடிக்கிற இரும்பு காற்றில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும் அம்மா. மாதக்கணக்கில் மூடிய தொட்டிக்குள் மூச்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. நாற்றம் இல்லை, நிறம் இல்லை. என் கூட்டாளி டார்ச்சோடு இறங்கினான், ஏணியின் நாலாவது படியில் கை விட்டுவிட்டது. அவனைத் தூக்க இன்னொருவன் குதிக்கப் போனான், நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இல்லாவிட்டால் இரண்டு பேர்.

பையனிடம் சொல்லுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல், அனுமதித் தாள் கையில் இல்லாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் தலையை விடக் கூடாது. ஃபோர்மேன் கத்தட்டும். கத்துகிறவன் இறங்கட்டும்.

செல்வி_பிறை
புதன், இரவு 10.20

ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிகிறது. இவ்வளவு நாள் சம்பளத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மகனுக்குப் படித்துக் காட்டினேன். தொட்டி பற்றிப் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டான்.

ஆழி_கிளாங்
புதன், இரவு 10.58

ஐயா சொன்னதற்கு மேல் ஆபத்து பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. தொட்டிக்கு மீட்டரில் பிராணவாயு 20.9 விழுக்காடு காட்டினால் நல்ல காற்று. 19.5க்குக் கீழே போனால் உள்ளே போகவே கூடாது. இந்த இரண்டு எண்ணையும் பையன் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா, கேட்க வேண்டியவை: வேலைக் கடிதம் யார் பெயரில்? பெரிய பட்டறையா, குத்தகைக்காரரா, அவருக்கும் கீழே இருக்கிற குத்தகைக்காரரா? ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) முதல் மாதத்திலிருந்தே கட்டுவாரா? வெல்டிங் சோதனைக்கு யார் பணம் கட்டுவது? 3ஜி, 4ஜி, 6ஜி என்று நிலைகள் உண்டு. 6ஜி என்றால் சாய்ந்து நிற்கிற குழாயைச் சுற்றிப் பற்றவைப்பது. அது கையில் இருந்தால் எண்ணெய்க் கிணற்று மேடை, ரசாயன ஆலை எல்லாம் திறக்கும். அந்தச் சான்றிதழ் வாங்கியதும் முடிந்துவிடாது. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் செல்லாது. அதனால் ஒரு குறிப்பேடு வைத்து, செய்த வேலையை எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே வர வேண்டும். நிறையப் பையன்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

டெலுக்_இந்தான்_ராஜா
வியாழன், காலை 7.15

சம்பளம் வருமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பெரிய கப்பல் வேலையில் மூன்றாம் கை குத்தகைக்காரரிடம் குழாய் ஃபிட்டராக இருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். மேலே பணம் நின்றதும் கீழே முதலில் நின்றது எங்களுக்குத்தான். முதல் மாதம் பாதி. அடுத்த மாதம் "வரும் வரும்". மூன்றாம் மாதம் முதலாளி போனை எடுக்கவில்லை. பதினோரு பேர் ஒரே அறையில், அரிசி கடன். ஒருவர் ஒருவராகச் சிங்கப்பூர் துவாஸ் பக்கம் போய்விட்டோம். எங்களில் இரண்டு பேர் 6ஜி வெல்டர்கள், அருமையான கை. அவர்கள் திரும்பி வரவே இல்லை.

கப்பல் ஏன் தாமதம் என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம். நின்ற வேலையைப் பணம் போட்டு மறுபடி தொடங்கலாம். போன கை திரும்பாது.

கேஎல்_கணக்கன்
வியாழன், காலை 8.05

ராஜா சொல்வது எனக்குப் புரிகிறது. பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தில் 27 கப்பல் கட்டுவோம் என்று தொடங்கினார்கள், கட்டியது ஆறு. அதில் முதல் இரண்டின் உடலும் ஜெர்மனியிலேயே செய்து வந்தது. ஆறாவது 2010இல் முடிந்ததும் அடுத்த பெரிய வேலைக்கு ஒப்பந்தம் 2014இல். நடுவில் நாலு வருடம் பழுதுபார்ப்பு வேலையை மட்டும் நம்பி எத்தனை பேரை வைத்திருக்க முடியும்? கணக்குப் புத்தகத்தில் ஆளின் கைத்திறனுக்கு வரிசையே கிடையாது. அது என் துறையின் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் வெளியே வாங்குவதே மலிவு என்பதில் நான் மாறவில்லை.

ஆழி_கிளாங்
வியாழன், காலை 8.30

மாற வேண்டாம் சார். கட்டுவதை வெளியே கொடுத்தாலும் டாக்கை இங்கே உயிரோடு வையுங்கள் என்பதுதான் என் கட்சி. 2024 ஆகஸ்ட்டில் நம் கடற்படையின் பெண்டேகார் என்ற கப்பல் ஜோகூர் கடலில் அடியில் எதிலோ மோதித் தண்ணீர் ஏறி மூழ்கியது. 39 பேரும் தப்பித்தார்கள், அது பெரிய விஷயம். சுவீடனில் கட்டி 1979இல் சேர்ந்த கப்பல் அது. அந்த வயதுக் கப்பல்களை இன்னும் ஓட்ட வேண்டிய நிலையில், தகட்டின் தடிமனை அளந்து சொல்கிற ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி?

முனியன்_லா
வியாழன், காலை 8.44

நீங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சண்டை போட்டுச் சொல்கிறீர்கள். அக்கா, பையன் போகிறானா இல்லையா?

செல்வி_பிறை
சனி, மாலை 4.10

போகிறான். ஆழி தங்கை எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நானும் அவன் அப்பாவும் நேரிலேயே போனோம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. குத்தகைக்காரர் சித்தியவான்காரர், வயதானவர். கேள்விகளைப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். கோபமா என்று பயந்தேன். அப்புறம் ஈபிஎஃப் கட்டிய தாளையே எடுத்துக் காட்டினார். சோதனைச் செலவு பாதி அவர், பாதி நாங்கள். அவர் முதல் நிலைக் குத்தகைக்காரர்தான், நடுவில் ஆள் இல்லை. தளத்துக்குள் எங்களை விடவில்லை. திரும்பும்போது லுமுட் கடற்கரையில் நின்று பங்கோர் ஃபெர்ரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அப்பா சிரிக்கவில்லை. புதுப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

பழைய_ஃபிட்டர்
சனி, மாலை 6.00

பூட்ஸ் ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும். மத்தியானத்தில் கால் வீங்கும். சாக்ஸ் பருத்தியில் வாங்குங்கள், நைலான் வேண்டாம், பொறி விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

செல்வி_பிறை
அடுத்த வியாழன், இரவு 9.30

மூன்று நாள் வேலை பார்த்துவிட்டு இன்றைக்குப் பேசினான். ஒரே கோபம். இன்னும் வெல்டிங் கம்பியைக் கையில் தொடவிடவில்லையாம். நெருப்புக்குக் காவல் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் தீயணைப்பு உருளை, பக்கத்தில் வாளித் தண்ணீர், இன்னொருவன் பற்றவைப்பதை நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமாம். "மூன்றாம் நிலை முடித்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்கா வந்தேன்?" என்கிறான்.

பழைய_ஃபிட்டர்
அடுத்த வியாழன், இரவு 9.52

வேலை முடிந்து வெல்டர் போன பிறகு அரை மணி நேரம் நின்றானா? சுவருக்கு மறுபக்கம் போய்ப் பார்த்தானா? கேட்டுச் சொல்லுங்கள்.

செல்வி_பிறை
அடுத்த வியாழன், இரவு 10.17

கேட்டேன் ஐயா. நின்றானாம். மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்களாம், இவன் மட்டும் மறுபக்கம் போய் இரும்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இன்னும் சூடாகத்தான் இருந்தது என்கிறான்.